அந்தப் பிரயோகம் யாருடையது? கச்சேரிக் கலைஞர்களின் அனுபவப் பகிர்வு

வயலின் கலைஞர் தொடங்கியது:

காம்போதியை முக்கிய ராகமாக எடுத்துக்கொண்ட கச்சேரி அது. பாடகர் தம் ஆலாபனையில் தார ஸ்தாயியை, அதாவது மேல் ஸ்தாயியை, நிறைவாகப் பாடி முடித்திருந்தார். நானும் அதே உயரத்துக்குப் போய் அவர் சொன்னதையே திரும்பச் சொல்வதில் பொருளில்லை என்று தோன்றியதால், என் முறை வந்தபோது கீழேயே நின்று வாசித்தேன். இரண்டாம் தந்தியில் மத்திமத்தைப் பிடித்திருந்த விரல், அடுத்துக் காந்தாரத்துக்கு இறங்காமல், மூன்றாம் தந்தியின் மந்திர ஸ்தாயிப் பஞ்சமத்துக்கு ஒரே தாவலில் போய்விட்டது. வில்லை அங்கே சற்று நேரம் இழுத்து நிறுத்தி, பிறகு த ஸ ரி க என்று படிப்படியாக ஏறினேன். இடைச் சுரங்களை விட்டுத் தாவும் அந்தத் தாட்டுப் பிரயோகத்தை (சுரக் கோவையை) நான் வீட்டில் சாதகம் செய்து கொண்டுவரவில்லை. குருவழியாக வந்த எந்தப் பாடாந்தரத்திலும் கேட்டதாகவும் நினைவில்லை. ஸ ப ஸ ப என்று சுருதி சேர்த்த வயலினில், விரலே வைக்காமல் கிடைக்கும் பஞ்சமம் பக்கத்துத் தந்தியில் காத்திருக்கிறது. அன்று கை அங்கே போயிற்று.

பிறகு, பாட்டின் ஒரு வரியை எடுத்துப் பலவிதமாக விரித்துப் பாடும் நிரவல் தொடங்கியது. பாடகர் இரண்டாம் ஆவர்த்தனத்திலேயே (தாளச் சுற்றிலேயே) அதே தாவலை எடுத்தார். குரலுக்கு அது எளிதான வழியன்று, ஏனென்றால் ஒரு ஸ்தாயிக்குச் சற்றே குறைவான தூரத்தை இடையில் எதையும் பற்றிக்கொள்ளாமல் கடக்க வேண்டும். அவர் கடந்தார். அதுமட்டுமன்று, சாகித்யத்தில், அதாவது பாட்டின் வரியில், இருந்த ‘சரணம்’ என்ற சொல் சரியாக அந்தப் பஞ்சமத்தில் வந்து விழும்படி பாடினார். அரங்கம் முழுவதும் ஆரவாரித்தது. அடுத்த கணம் என் வேலை, பாடகர் பாடியதைத் தொடர்ந்து வாசிப்பது. சற்று முன் என் வில்லில் பிறந்ததையே, முதன்முறையாகக் கேட்பவளைப் போல அவர் பின்னால் வாசித்துக்கொண்டு போனேன்.

அந்த ஒலிப்பதிவை இன்றைக்கும் பலர் கேட்கிறார்கள். அந்த இடத்தைச் சுட்டிக்காட்டி, இப்படி ஒரு கற்பனை இவருக்கு மட்டுமே வரும் என்று பாடகரைப் புகழ்கிறார்கள். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்தச் சொல்லை அங்கே வைத்தவர் அவர்தான், அது எனக்குத் தோன்றியிருக்காது. ஆனாலும் அந்தப் பதிவைக் கேட்கும்போதெல்லாம் ஒரு கேள்வி மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. சேர்ந்து வாசிக்கும்போது பிறக்கும் ஒன்றை, இது உன்னுடையது, இது என்னுடையது என்று எப்படிப் பிரிப்பது? இப்படி ஏதேனும் உங்களுக்கு நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

பாடகி ஒருவரின் பதில்:

ஒரு பிரயோகத்துக்கு உரிமை பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்ன காம்போதியையே எடுத்துக்கொள்வோம். சுரங்கள் ஏறி இறங்கும் வரிசையான அதன் ஆரோகண அவரோகணத்தில் காகலி நிஷாதத்துக்கு, அதாவது மேல் நிஷாதத்துக்கு, இடமில்லை. ஆயினும் ஸ நி ப த ஸ என்று காகலி நிஷாதத்தைத் தொட்டுப் போகும் பிடி இல்லாமல் யாரும் காம்போதி பாடுவதில்லை. என்றோ ஒருவர் அதை முதலில் பாடியிருக்க வேண்டும். அவர் பெயரை நாம் யாரும் கேட்பதில்லை, அந்தப் பிடி இன்றைக்கு ராகத்தின் உடைமை. உங்கள் தாவலும் ஒருநாள் அப்படி ஆகலாம். உங்கள் வாசிப்பைக் கேட்ட சில நிமிடங்களில் பாடகர் அதைத் தம் நிரவலில் வைத்தார் என்றால், அவர் காது முழுவதும் உங்களிடம் இருந்தது என்றுதான் பொருள். பக்கவாத்தியம் வாசிக்கும்போது மடியில் இருக்கும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டும் பாடகர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம் அல்லவா?

என் அனுபவம் வேறு வகையைச் சேர்ந்தது. ஏழு எண்ணிக்கைத் தாளமான மிச்ர சாபுவில், மெதுவான சவுக்க காலத்தில் அமைந்த ஒரு கீர்த்தனையின் சரணத்தில் இருந்தேன். அந்தச் சரணத்தின் மூன்றாவது வரிக்கு என் குரு சொல்லிக்கொடுத்த சங்கதிகள், அதாவது ஒரே வரியைப் பாடும் வேறுபாடுகள், நிறைய உண்டு, எல்லாவற்றையும் பாடுவது என் வழக்கம். அன்று அந்த வரியை எடுத்ததும் மிருதங்கம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். மிருதங்கக்காரரின் வலக்கை, வலப்பக்கமான வலந்தலையின் விளிம்பில் அசையாமல் கிடந்தது. இடது உள்ளங்கையை இடப்பக்கமான தொப்பியின்மேல் வைத்து, எஞ்சியிருந்த நாதத்தையும் அடக்கியிருந்தார். மூன்றும் நான்குமாக ஏழு எண்ணிக்கை என் கையில் மட்டும் நடந்தது. வயலின் கலைஞரும் அதைக் கேட்டு வில்லைத் தளர்த்தினார். தம்புராவும் என் குரலும் மட்டுமே மிஞ்சிய அந்த இடத்தில், என் வாயிலிருந்து வரும் ஒவ்வோர் எழுத்தும் எனக்கே தெளிவாகக் கேட்டது. ஒரு சங்கதிகூடப் பாடத் தோன்றவில்லை. வரியை உள்ளபடி பாடினேன். கடைசி எழுத்தில் தொப்பியில் ஒரே ஒரு கும்கியோடு (குமுறி வளையும் அடியோடு) அவர் மீண்டும் உள்ளே வந்தார்.

சின்ன வயதிலிருந்து பாடிவந்த அந்த வரியின் பொருள் அன்றுதான் எனக்குள் இறங்கிற்று. யாரும் கைதட்டவில்லை, அதை யாரும் பதிவு செய்யவுமில்லை. அந்த மௌனம் அவர் எனக்குக் கொடுத்தது. அதை நான் எந்தக் காலத்திலும் அவருடையதாகவே வைத்திருக்கிறேன்.

மிருதங்கக் கலைஞர் ஒருவரின் பதில்:

பாடகி அம்மையார் ஒரே பதிலில் இரண்டு நியாயம் சொல்கிறார். வயலினில் பிறந்த பிரயோகம் ராகத்துக்குச் சொந்தம், மிருதங்கத்தின் மௌனம் மட்டும் வாசித்தவருக்குச் சொந்தம் என்றால், இந்தப் பிரிவினை எதன் அடிப்படையில் வந்தது? இரண்டுமே ஒரு மனிதர் ஒரு கணத்தில் எடுத்த முடிவுகள். மௌனத்தை இன்னொருவர் தம் குரலில் எடுத்துப் பாட முடியாது என்பதால் அது அவரிடமே தங்கியது. பிரயோகத்தை எடுத்துப் பாட முடியும் என்பதால் அது கைமாறியது. வயலின் அம்மையாரின் மனத்தில் உள்ள கேள்வி நியாயமானது, அதைத் தத்துவம் சொல்லிச் சமாதானப்படுத்த வேண்டியதில்லை.

எனக்கு நேர்ந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூத்த பாடகர் ஒருவர் மேடையிலேயே கற்பனையாகப் பாடும் கல்பனா ஸ்வரத்தின் முடிவில், முன்னறிவிப்பில்லாமல் ஒரு கோர்வையை (கணக்கிட்டு அமைத்த முடிவுப் பகுதியை) தொடங்கினார். முதல் பகுதியைக் கேட்டதுமே கணக்கு பிடிபட்டுவிட்டது. மூன்றாம் பகுதியை அவரோடு சேர்ந்து வாசித்தேன், இருவரும் ஒன்றாக எடுப்பில், பாட்டு தொடங்கும் இடத்தில், வந்து நின்றோம். பாட்டை எடுப்பதற்கு முன், அவர் தாளம் போட்டுக்கொண்டிருந்த கையை ஒரு கணம் என்னை நோக்கி விரித்தார். அந்தக் கை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. சபையில் எத்தனை பேர் அதைக் கவனித்தார்கள் என்று தெரியாது, எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இந்த இடத்தில் இளம் பக்கவாத்தியக் கலைஞர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சேர்ந்து வாசிப்பது என்பது மேடையில் தொடங்குவதன்று. பாடுபவரின் சுருதி என்னவென்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் குரலுக்குத் தாழ்ந்த சுருதியுள்ள தக்கு மிருதங்கமும், ஐந்து கட்டையை ஒட்டிப் பாடும் பெண் குரலுக்கு உயர்ந்த சுருதியுள்ள ஹெச்சு மிருதங்கமும் வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு வாரை இழுத்துத் தட்டி மற்றதாக மாற்றிவிடலாம் என்று நினைத்தால் தோலின் நாதமே கெட்டுவிடும். தொப்பிக்கு ரவையை அவசரமாக அப்பாதீர்கள். மேடை விளக்கின் வெப்பத்திலும் மின்விசிறிக் காற்றிலும் ரவை காய்ந்துபோகும், காயக் காயத் தொப்பியின் கனம் குறைந்து நாதம் மாறும், ஆகவே பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். ஒலிபெருக்கி அமைப்பவரிடம் உங்கள் மிருதங்கத்தைக் கூட்டச் சொல்வதற்கு முன், தம்புரா உங்களுக்குக் கேட்கிறதா, வயலின் கேட்கிறதா என்று பாருங்கள். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் ஒலிபெருக்கி இல்லாமல் வாசிப்பதையே விரும்பினார் என்பதை நாம் வெறும் பிடிவாதமாக நினைத்துவிடக் கூடாது. ஒருவர் வாசிப்பதை இன்னொருவர் தம் காதால் நேரடியாகக் கேட்டு அளவை வைத்துக்கொண்ட காலத்தின் நியாயம் அதில் இருக்கிறது. வாசிக்கும்போது சபையைப் பார்க்காதீர்கள், பாடுபவரின் தாளக் கையையும் வயலினின் வில்லையும் பாருங்கள், ஏனென்றால் வில் திரும்பும் இடத்தில் சங்கதி முடியப்போவது முன்கூட்டியே தெரியும். கீர்த்தனைகளின் சாகித்யத்தைப் பாடம் செய்யுங்கள், ஸ்வரம் மட்டும் தெரிந்தால் போதாது. தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் வைக்கப்போகும் கோர்வையை, கடமோ கஞ்சிராவோ வாசிப்பவரிடம் மேடையேறும் முன்பே சொல்லிவிடுங்கள். அவரை மேடையில் தடுமாற வைத்து நம் பெருமையைக் காட்டுவது கலையே அன்று.

நாகசுரக் கலைஞர் ஒருவரின் பதில்:

நீங்கள் எல்லோரும் உட்கார்ந்து வாசிப்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள். நாங்கள் நடந்துகொண்டு வாசிக்கிறவர்கள். எங்கள் பக்கத்தில் இரண்டு நாகசுரம் சேரும் இரட்டை நாயனம் வாசிக்கும்போது, ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தை மற்றவர் நிரப்ப வேண்டும். கேட்பவருக்கு ஒரே நாகசுரம் இடைவெளி இல்லாமல் ஒலிப்பதாகத் தோன்ற வேண்டும். யார் எதை வாசித்தார் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிட்டால் அது எங்களுக்குக் குறை.

சுவாமி புறப்பாட்டில் அதற்குரிய மல்லாரி, கம்பீர நாட்டை ராகத்தில் நடந்துகொண்டிருந்தது. மல்லாரிக்குச் சாகித்யம் கிடையாது, தவிலின் சொற்கட்டோடு ஒவ்வொரு காலமாக, அதாவது வேகமாக, அதை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். மூன்றாம் காலத்துக்குள் நுழைந்த நேரத்தில் அண்ணனின் நாகசுரத்தில் ஊதும் வாய்ப்பகுதியான சீவாளி பிளந்துவிட்டது. நாகசுரத்தை இறக்கி, அதில் கோத்துத் தொங்கவிட்டிருந்த சீவாளிகளில் ஒன்றை எடுத்து, நாவில் நனைத்துப் பதம் பார்த்துப் பொருத்த வேண்டும். அதுவரை இரண்டு பேரின் வாசிப்பையும் நான் ஒருவனே தாங்க வேண்டும். மூன்றாம் காலத்தில் மூச்சுக்கு இடமே இல்லை. என் முகம் சிவப்பதைத் தவில்காரர் பார்த்தார். நான் மூச்சு வாங்க வேண்டிய இடங்களில் எல்லாம் வலந்தலையில் அடர்த்தியான சொற்களைக் கொட்டி, அந்த இடைவெளி மல்லாரியிலேயே எழுதி வைத்தது போல ஆக்கிவிட்டார். பல்லக்குத் தூக்கியவர்களின் நடை ஓரடிகூடப் பிசகவில்லை. அண்ணன் சேர்ந்துகொண்ட இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. சட்டென்று மூச்சு இலகுவானபோதுதான் அவர் பக்கத்தில் வாசிப்பதை உணர்ந்தேன்.

புறப்பாடு முடிந்து வந்தபின் மூவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று எங்களைக் காப்பாற்றியது தவில்காரர்தான். அதை அவரிடம் நேரில் சொல்லும் பழக்கம் எங்கள் தலைமுறையில் இல்லை, ஆகவே இங்கே எழுதுகிறேன்.

வயலின் அம்மையாரின் கேள்வி நியாயமானது என்று மிருதங்க வித்வான் சொன்னதோடு நான் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். நாகசுர மேதை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைப் பற்றி இன்றும் மணிக்கணக்கில் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் நாகசுரத்துக்கு அடியில் ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒத்துக்காரர்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை. கன்னம் வலிக்க வலிக்க அவர்கள் ஊதிய ஸட்ஜத்தின்மேல் நின்றுகொண்டுதான் எந்த மேதையும் எந்தத் தோடியையும் வாசித்திருக்கிறார்.

புல்லாங்குழல் கலைஞர் ஒருவரின் பதில்:

சேர்ந்து வாசிப்பது என்று எல்லோரும் சொல்கிறீர்கள். நான் சேர்ந்து வாசித்தவர்களில் பலரை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் எனக்கு முன்பே ஒருவர் வாசித்துவிட்டுப் போயிருப்பார், எனக்குப் பின் இன்னொருவர் வருவார். நடுவில் நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தாள அளவைக் காட்டும் கிளிக் சத்தத்தோடு என் பகுதியை வாசிப்பேன். எல்லோரும் ஒரே கூடத்தில் அமர்ந்து ஒரே நேரத்தில் வாசித்துப் பதிவு செய்த காலத்தைப் பற்றி மூத்தவர்கள் சொல்லக் கேட்டதோடு சரி.

ஒருமுறை வீணைக்குப் பதில் சொல்வது போல ஒரு சிறு பகுதி வாசிக்க வேண்டியிருந்தது. வீணையின் தடத்தை மட்டும் தனியாகப் போடச் சொல்லிக் கேட்டேன். ஒவ்வொரு பிடிக்கும் முன்னால், விரல் தந்தியின்மேல் வழுக்கி அடுத்த மெட்டுக்குப் போகும் மெல்லிய உரசல் அதில் பதிவாகியிருந்தது. அந்த உரசல்தான் எனக்குச் சமிக்ஞையாயிற்று. அடுத்த சுரம் வரப்போகிறது என்று கிளிக் சொல்வதற்கு முன் அந்த விரல் சொன்னது. நான் மூச்சை இழுக்கும் இடத்தை அதற்கேற்ப வைத்துக்கொண்டேன், வாசிப்பு ஒரே முறையில் அமைந்துவிட்டது. பாட்டு வெளிவந்தபோது கேட்டால், வீணையின் உரசலை இரைச்சல் என்று கருதித் துடைத்திருந்தார்கள். என் மூச்சு மட்டும் அப்படியே இருந்தது. எதற்குப் பதிலாக அந்த மூச்சு வந்ததோ அது இப்போது பாட்டில் இல்லை. அந்த வீணைக் கலைஞர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

2020இல் ஊரடங்கின்போது, மிருதங்கம் வாசிக்கும் நண்பரோடு இணையத்தின் வழியே நேரடியாகச் சேர்ந்து வாசித்துப் பார்த்தோம். முடியவில்லை. காரணம் திறமைக் குறைவன்று, கணக்கு. ஒலி காற்றில் ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது. மேடையில் 2 மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பவரின் அடி 6 மில்லி விநாடியில் நம் காதுக்கு வந்துவிடும், அதை நாம் தாமதமாக உணர்வதே இல்லை. தாமதம் 25, 30 மில்லி விநாடியைத் தாண்டினால் காலப்பிரமாணம், அதாவது பாட்டின் சீரான வேகம், தளரத் தொடங்குகிறது. சாதாரணக் காணொளி அழைப்பில் அது பல நேரம் 100ஐத் தாண்டுகிறது. நான் அவர் அடிக்காகக் காத்திருப்பேன், அவர் என் சுரத்துக்காகக் காத்திருப்பார், பாட்டு தேய்ந்துகொண்டே போய் நின்றுவிடும். கடைசியில் அவர் முதலில் பதிவு செய்து அனுப்ப, அதைக் கேட்டு நான் வாசித்தேன். சுத்தமாக வந்தது. ஆனால் என் வாசிப்பைக் கேட்டு அவர் கை மாறுவதற்கு அதில் வழியே இல்லை. நாகசுரக் கலைஞரின் தவில்காரர் அவர் முகத்தைப் பார்த்துச் செய்த காரியத்தை, முன்னமே பதிவான தடம் ஒருநாளும் செய்யாது.

வயலின் கலைஞர் மீண்டும் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பாடகி அம்மாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ராகத்தின் உடைமை என்று நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் ராகம் எல்லாவற்றையும் தனக்குள் முன்பே வைத்துக்கொண்டிருந்தது போலப் பேசும்போது, வாத்தியங்கள் அதற்குக் கொடுத்தது மறைந்துபோகிறது. வயலின் நம் சங்கீதத்துக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் போன்றவர்கள் கற்றுக்கொண்டு கொண்டுவந்தார்கள். காம்போதி அதற்கு எவ்வளவோ முந்தியது. அந்தப் பழைய ராகம், புதிதாக வந்த ஒரு வாத்தியத்தின் தந்தி அமைப்பால் ஒரு தாவலைப் பெற்றது. அதைக் குரலுக்குக் கொண்டுபோனபோது பாடகர் அதில் ஒரு சொல்லை வைத்தார். இந்த வழித்தடம் சொல்லப்பட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

சேர்ந்து செய்ததை ஒரே பெயரில் வைத்தவர்களும் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். ஆலத்தூர் சகோதரர்கள் என்று நாம் சொல்லும் பாடகர்கள் ஸ்ரீநிவாச ஐயரும் சிவசுப்பிரமணிய ஐயரும் உடன்பிறந்தவர்கள் அல்லர். சிவசுப்பிரமணிய ஐயரின் தந்தை வெங்கடேச ஐயரிடம் இருவரும் சேர்ந்து கற்றவர்கள். பல்லவியில் ஒருவர் வைத்த கணக்கை மற்றவர் முடிக்கும்போது அது யாருடையது என்று எவரும் கேட்டதில்லை, ஏனென்றால் அந்தப் பெயரிலேயே இருவரும் இருந்தார்கள். இப்போது இணையத்தில் ஏற்றப்படும் கச்சேரிப் பதிவுகளில் பாடகர் பெயர், ராகம், தாளம் எல்லாம் இருக்கின்றன. வயலின் யார், மிருதங்கம் யார் என்பது பல பதிவுகளில் இருப்பதில்லை. இந்தக் குறையை நீக்குவதற்குப் பெரிய தத்துவம் எதுவும் தேவையில்லை. ஒரு வரி சேர்த்து எழுதினால் போதும்.

தம்புரா வாசிக்கும் மாணவி ஒருவரின் பதில்:

பெரியவர்கள் பேசும் இடத்தில் எழுதத் தயக்கமாக இருக்கிறது. நான் பாட்டுக் கற்றுக்கொள்கிறேன், குருவின் கச்சேரிகளில் பின்னால் அமர்ந்து தம்புரா மீட்டுவேன். வயலின் அம்மா சொன்ன கச்சேரியில் நான் இல்லை, ஆனால் அந்த ஒலிப்பதிவு எதுவென்று ஊகித்துக் கேட்டுப் பார்த்தேன்.

தம்புரா மீட்டுபவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்ற நான்கு தந்திகளில் எதிலும் காந்தாரம் கிடையாது. தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவா நூலைச் சரியான இடத்தில் நகர்த்தி வைத்து, சுருதி சுத்தமாகச் சேர்ந்துவிட்டால், மந்தரத் தந்தியை மீட்டும்போது அந்தர காந்தாரம் தெளிவாகக் கேட்கும். அந்தத் தந்தி அதன் அடிப்படை அதிர்வோடு நிற்காமல், அதைப்போல 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்கு என்றும் அதிர்கிறது. 5 மடங்கு அதிர்வில் பிறப்பதுதான் அந்தக் காந்தாரம். அதைச் சுயம்பு காந்தாரம் என்று எங்கள் குரு சொல்லுவார்.

அந்தப் பதிவில் வயலின் மத்திமத்திலிருந்து பஞ்சமத்துக்குத் தாவும் இடத்தைப் பலமுறை கேட்டேன். காந்தாரத்தை விட்டுத் தாவிய பிறகு, வில் பஞ்சமத்தில் நிற்கும் அந்தச் சிறு நேரத்தில், பின்னால் தம்புராவின் காந்தாரம் கேட்கிறது. விடப்பட்ட சுரம் அங்கே ஒலித்துக்கொண்டிருப்பதால்தான் அந்தத் தாவல் வெறுமையாகத் தோன்றவில்லை என்று நினைக்கிறேன். பாடகர் பாடும்போதும் அப்படித்தான் இருக்கிறது. தம்புராவை அன்று மீட்டியவர் யாரோ, அவர் சுருதியை மிக நன்றாகச் சேர்த்திருக்கிறார். வயலின் அம்மா கேட்கும் அந்த ஒரு வரியில் தம்புராவின் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாமா?

கஞ்சிரா கலைஞர் ஒருவரின் பதில்:

தங்கை, தாராளமாகச் சேர்க்கலாம், சேர்க்க வேண்டும்.

நான் எழுத வந்தது மிருதங்க அண்ணாவின் அறிவுரையில் கடைசி ஒன்றைப் பற்றி. மற்றவை எல்லாம் பொன்னான வார்த்தைகள். கோர்வையை முன்பே சொல்லிவிட வேண்டும் என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. அண்ணாவே தம் அனுபவத்தில், பாடகர் முன்னறிவிப்பில்லாமல் தொடங்கிய கோர்வையை முதல் பகுதியிலேயே பிடித்து, மூன்றாம் பகுதியில் சேர்ந்துகொண்டதைத்தான் சொன்னார். அந்தக் கோர்வையை அவரிடம் மேடையேறும் முன்பே சொல்லியிருந்தால், அவர் கண்ணில் நிற்கும் அந்தக் கை அவரை நோக்கி விரிந்திருக்குமா? தமக்குக் கிடைத்த அந்த வாய்ப்பை எங்களுக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தது, மிருதங்கம் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வதற்காக அன்று. ஒரு தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் வாசித்தவர் எனக்கு எதுவும் சொல்லவில்லை. மாறி மாறிச் சிறிதாக்கி வாசிக்கும் குறைப்பு முடிந்தது, முடிவை அறிவிக்கும் மோரா வந்தது, பிறகு நான் அதுவரை கேட்டிராத ஒரு கோர்வையை அவர் தொடங்கினார். தா தீ கி ட தோம் என்று முடியும் ஒவ்வொரு சொற்கட்டுக்கும் பிறகு நீளமான கார்வை, அதாவது இடைவெளி, விட்டிருந்தார். முதல் சுற்றைக் கேட்டுக்கொண்டேன். இரண்டாம் சுற்றில் சேர்ந்தபோது, அந்தக் கார்வைகள் காலியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. தோலை இடது விரல்களால் அழுத்தி, ஒவ்வொரு கார்வையிலும் ஒரு கும்கியை மட்டும் வைத்தேன். அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். மூன்றாம் சுற்றில் அவர் தம் ‘தோம்’ அடியைப் பாதியாகத் தணித்துக்கொண்டார், என் கும்கி மேலே கேட்கும்படி. கோர்வையின் கணக்கு அவருடையது, ஒரு மாத்திரைகூட மாறவில்லை. ஆனால் எடுப்பில் இறங்கியபோது இரண்டு தோல்களிலிருந்து வந்த ஒரே ஒலியாக அது இருந்தது.

அதற்குப் பின் அவர் வேறு கஞ்சிரா கலைஞர்களோடும் அதே கோர்வையை வாசித்திருக்கிறார். ஒரு கச்சேரியில் சபையில் அமர்ந்து கேட்டேன். கார்வை வரும் இடங்களில் அவர் தாமே தொப்பியில் கும்கி வைத்துக்கொண்டார். வயலின் அம்மாவின் கேள்வி எனக்கும் எழுந்தது என்பதை மறைக்க மாட்டேன். கச்சேரி முடிந்து அவரைப் போய்ப் பார்த்தேன். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே அவர் தம் மாணவர்களிடம் என்னைக் காட்டி, “அந்தக் கும்கி இவனோடது” என்றார்.

மிருதங்க அண்ணாவிடம் என் வேண்டுகோள் இதுதான். புதியவர்களிடம் கோர்வையைச் சொல்லிவிட்டு வாசியுங்கள், அது நியாயம். ஓரளவு வாசித்துத் தேர்ந்தவர்களிடம் சொல்லாமல் வாசியுங்கள். முதல் சுற்றில் நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.